கழுத்தில் கட்டம் இல்லாத புறா

கண்ணு, இதை ஓர் உறையில் போட்டு உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போவதற்கே நாலு தடவை யோசிக்கிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன்னை நான் இரண்டு முறை பொய்யனாக்கியிருக்கிறேன், இரண்டு முறையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எல்லோர் முன்னாலும் செய்ததை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுப்பது நியாயமில்லை என்று தோன்றியது. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். உன் பெயரோ அந்தப் பெண்ணின் பெயரோ இதில் வராது. நம்மைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. அச்சுக்குப் போகும் முன் இது குந்தாவில் உன் காட்டு முகாமுக்கு வந்து சேரும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், கிழித்துவிடுகிறேன்.

போன மாதம் பெண் பார்க்கப் போன நாளிலிருந்து தொடங்குகிறேன். மலையிறங்கி அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் உன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு மின்விசிறியை உன் பக்கம் திருப்பி வைத்தார். பெயின்ட் கடைக்காரர், கலகலப்பான மனிதர். "ஏனுங்க, மாப்ளைக்கு இந்த வெயிலே தாங்கலீங்களே! எங்கூட்டுப் புள்ளைக்கு உங்க ஊருக் குளிரு தாங்குமுங்களா? நகையைக் கொறைச்சுட்டு ரெண்டு ஸ்வெட்டரு சேத்துப் போட்டு அனுப்பறனுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். உள்ளறை வாசலில் நின்றிருந்த பெண்ணும் சிரித்தாள். நீ அவளைப் பார்த்தாய். உனக்குப் பிடித்துப்போயிற்று என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. உனக்குப் பிடிக்காத இடமாக இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உனக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படும்போதெல்லாம் எனக்கு நாக்கு புரண்டுவிடுகிறது.

"மாப்ளை பாரஸ்ட்லதானுங்களே?" என்று கேட்டார் அவர். "ஆமாங்க" என்றார் உன் அப்பா. "பர்மனென்ட்டுங்களா?" உன் அப்பா தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அடுத்து உண்மை வரப்போகிறது என்று அர்த்தம். நான் முந்திக்கொண்டேன். "பர்மனென்ட்டுதானுங்க. அதுல என்னங்க சந்தேகம்?" நீ பறவைகளைக் கணக்கெடுப்பதும் காட்டு மரங்களுக்கு நாற்று வளர்ப்பதும் ஒப்பந்தத்தில்தான் என்பதும், வருடம் முடிந்தால் அடுத்த உத்தரவு வருமா என்று காத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாதா? நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். பிறகு பலகாரத் தட்டைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சு முடிவாகாத வீட்டில் நம் பக்கத்தில் யாரும் கை நனைப்பதில்லை. காப்பியோடு எழுந்துவிட வேண்டும். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால் பாதிச் சம்மதம். "பர்மனென்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் பெண்ணின் அப்பா எழுந்து, "அப்பறம் என்னங்க யோசனை, கை நனைச்சுட்டே போயிருங்க" என்றார். இலை விழுந்தது. என் பொய்யின் மேல் சோறு விழுந்தது. நான் இரண்டாவது முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். நீ சோற்றை ஓரத்துக்கு ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாய். கிளம்பும்போது அந்தப் பெண் வாசலுக்கு வந்து, "போயிட்டு வாங்கத்தை" என்றாள். அந்த "அத்தை" என்ற சொல்லை நான் மேட்டுப்பாளையம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பேருந்து மலையேற ஆரம்பித்ததும் உன் தோளில் கை வைத்து, "ரெண்டும் பாரஸ்ட்டுதானே கண்ணு? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குப் பண்ணிருவாங்க. அதுக்குள்ள எதுக்கு அவங்களைப் பயப்படுத்தோணும்?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய். திரும்பாமலே சொன்னாய்: "ஆமாம்மா. ரெண்டும் புறாதானே."

உன் அப்பா, "என்னடா புறா?" என்று கேட்டார். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருடங்களாக நம்பியிருந்தேன்.

அப்போது நீ நாலாம் வகுப்பு. உன் வகுப்பு டீச்சரைவிட எனக்கு வயது குறைவு. நாம் குன்னூருக்குக் கீழே சரிவில் அந்தத் தனியார் எஸ்டேட்டின் குவார்ட்டர்ஸில் இருந்தோம், உன் அப்பாவுக்கு எஸ்டேட் ஆபீஸில் எழுத்தர் வேலை. தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பச்சை இலையைப் பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை கட்டவில்லை என்று சிறுவிவசாயிகள் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் ஆளுயரத்துக்கு மேலே போய்ப் பூத்துக் கிடந்தன. நம் தொழிற்சாலைப் புகைபோக்கியில் புகை வந்தால், "இன்னிக்கு ஓடுதுப்பா" என்று ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தொழிலாளர் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் தொங்கியது, ஆட்கள் திருப்பூருக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் முதலாளி தன் பெரிய பங்களாவை விருந்தினர்களுக்குத் திறந்துவிட்டார். பறவை பார்க்க வருகிறவர்கள் வந்து தங்கினார்கள். சமையலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பங்களா ஓடினால் ஆபீஸில் ஒரு ஆளாவது மிஞ்சும், அது உன் அப்பாவாக இருக்கும் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நீ பங்களா அடுக்களைப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாய். எதிரே புல்வெளி, அதன் விளிம்பில் விக்கி என்று ஒரு பெரிய காட்டுப் பழமரம், அதற்குக் கீழே பள்ளம் முழுக்கச் சோலை. உனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. நான் காய் நறுக்கும்போது நீயாகவே பேச ஆரம்பிப்பாய். ஊரில் எல்லோரும் "காட்டுப்புறா" என்று ஒரே பெயரால் சொல்கிற புறா உண்மையில் ஒன்றில்லை, இரண்டு என்று நீதான் எனக்குச் சொன்னாய். "ஒண்ணு பெருசும்மா. மரத்து உச்சியிலயேதான் உக்காரும். விக்கிப் பழத்தைக் கொட்டையோட அப்படியே முழுங்கிரும். வால் நுனியில வெளுப்பா ஒரு பட்டை இருக்கும், பறக்கறப்பப் பாரு. இன்னொண்ணு கொஞ்சம் சிறுசு. அது கழுத்துல பின்னாடி கறுப்பு வெள்ளையாக் கட்டம் கட்டமா இருக்கும், செஸ் போர்டு மாதிரி. அது சின்னச் சின்னப் பழமாத் தின்னும், கீழ எறங்கியும் பொறுக்கும். பெருசு எறங்காது." குரலையும் செய்து காட்டுவாய். பெரியது தொட்டித் தண்ணீரில் கல்லைப் போட்டது மாதிரி அடித்தொண்டையில் ஒரு முழக்கம். கட்டம் போட்டது முதலில் ஒரு நீளமான "ஹூ", அப்புறம் தொடர்ந்து வேகமாகச் சிலது. இரண்டும் ஒரே ஒரு முட்டைதான் இடும் என்று நீ சொன்னபோது, "நம்மூட்டுல மாதிரியே, ஒண்ணே ஒண்ணு" என்றேன். "அப்ப நான் முட்டையா?" என்று கேட்டுவிட்டுப் படியில் உருண்டு உருண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காகவே இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்படி வந்த விருந்தினர்களில் ஒருவர் சென்னைக்காரர், பணி ஓய்வு பெற்றவர், மெல்லப் பேசுவார். கட்டம் போட்ட புறா நம் மேற்கு மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். பெரிய புறா இமயமலையிலும் கிழக்கே பல நாடுகளிலும் உண்டு, அதைத் தேடி யாரும் அவ்வளவு தூரம் வருவதில்லை. இருந்த நாளெல்லாம் மூடுபனி. அவர் புல்வெளியில் குடையோடு நிற்பார், நீ பக்கத்தில் நிற்பாய். "இவரு சந்தோஷமாப் போகோணும், அடுத்த மாசம் இவரோட ஆளுங்க வர்றாங்க" என்று மேனேஜர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். கடைசி நாள் காலையில் ஜீப் வந்து நின்ற பிறகு, விக்கி மரத்து உச்சியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. வெளுத்த பனிக்கு முன்னால் கறுப்பு உருவமாக மட்டும் தெரிந்தது. நான் பிளாஸ்க்கில் டீயை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"தம்பி, இதுதானே? இதுதானே அது?" என்றார் அவர்.

நீ ஒரு தடவை பார்த்தாய். "இல்லீங்க. இது பெருசுங்க. இதுக்குக் கழுத்துல கட்டம் இருக்காதுங்க" என்றாய்.

அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். ஜீப் பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நான் உன் தோளைப் பிடித்தேன். பிடித்தேன் என்று எழுதுகிறேன், கிள்ளினேன். "அதேதானுங்க சார். இவன் சின்னப் பையன், பனியில சரியாப் பாத்திருக்க மாட்டான்" என்றேன். உன் காதருகே குனிந்து, "ரெண்டும் புறாதானே? அவருக்கு என்ன தெரியப்போவுது? அதுதான்னு சொல்லு" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். போன மாதம் பெண் வீட்டில் பார்த்த அதே பார்வை. பிறகு அவரிடம் திரும்பி, "அதுதானுங்க" என்றாய்.

அவர் கண் கலங்கிவிட்டது. தன் பழைய பைனாகுலரைக் கழற்றி உன் கழுத்தில் மாட்டிவிட்டார். தோல் உறை தேய்ந்துபோன, கனமான சாமான், உனக்கு அது வயிறு வரைக்கும் தொங்கியது. உனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் நான் செய்தது எனக்கு மறந்தே போயிற்று. உனக்கும் மறந்துவிடும் என்று நினைத்தேன். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய். பள்ளிக்கூடம் போகும்போது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போனாய்.

அடுத்த மாதம் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். அன்று நல்ல வெயில். நான் அடுக்களையில் மாலைப் பலகாரத்துக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது. புல்வெளியில் நடந்தது எல்லாம் எனக்குக் கேட்டது. வந்தவர்களில் ஓர் அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தவர், மரத்தில் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போன மாசம் எங்க நண்பருக்கு இந்த மரத்துலதான காட்டின? இது அது இல்லப்பா. இதுக்குக் கழுத்துல ஒண்ணுமே இல்லையே!" இன்னொருவர் சிரித்தார். "பாவம், அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. பாட்டி வீட்டுக் கோழியக் காட்டியிருந்தாலும் எழுதிக்கிட்டுப் போயிருப்பாரு போல!" யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ சொன்னாய்: "நாந்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன். எனக்குத் தெரியலீங்க."

உனக்குத் தெரியவில்லை என்று நீ சொன்னாய். அந்த மலையில் யாரையும்விட உனக்குத் தெரியும். பிறகு பைனாகுலரைக் கழற்றினாய். "இதை அவருகிட்டக் குடுத்துருங்க."

"அட, வெச்சுக்கோப்பா. சின்னப் பையன்தான நீ?"

"வேண்டாமுங்க."

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால் நாலு எட்டில் புல்வெளி. "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்று மூன்று சொற்கள். வாணலியில் வெங்காயம் கருகும்வரை நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் காதுக்குப் போகும், உன் அப்பா வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையும் இல்லை. அந்த அம்மா முன்னால், படித்தவர்கள் முன்னால், பொய் சொன்னவளாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்தை உன் தலையில் வைத்துவிட்டு உள்ளேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் உனக்கு முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தேன். நீ எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். உன் தலைமாடு காலியாக இருந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பங்களாவும் கை மாறியது. நீ சொன்ன பொய்யால் ஒரு மூட்டைத் தேயிலைத் தூள்கூடக் கூடுதலாக விற்கவில்லை. நாம் குன்னூர் ஓரத்தில் இந்த வீட்டுக்கு வந்தோம், அப்பா காய்கறி மண்டிக்கு வேலைக்குப் போனார், நான் துணிக்கடைக்குப் போனேன். எல்லாம் எப்படியோ ஓடிவிட்டது. ஓடாமல் நின்றது ஒன்றுதான். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு பறவையைப் பற்றியும் சொல்லவில்லை. "என்னடா பாத்தே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." உன் நண்பர்களிடம் சொன்னாய், வாத்தியாரிடம் சொன்னாய், பிற்பாடு அதையே தொழிலாக்கிக்கொண்டாய். என்னிடம் மட்டும் "ஒண்ணுமில்லம்மா." இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. புறா பைத்தியம் விட்டது, இனிப் படிப்பான் என்று நினைத்தேன்.

துணிக்கடை விடுமுறை நாட்களில் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன், கதைப் புத்தகங்களுக்காக. ஒருநாள் கதை அலமாரியைத் தாண்டிப் போய்ப் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தேன். உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லாததை அதனிடம் கேட்டேன். நீ அடுக்களைப் படியில் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது. நீ சொல்லாத சிலதும் இருந்தது. நமக்குப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரித் தெரிகிற இந்த இரண்டும் ஒரே வம்சம்கூட இல்லையாம். கட்டம் போட்டது கோயில் கோபுரத்தில் உட்காரும் சாதாரணப் புறாவுக்குச் சொந்தம். பெரியது வேறு கிளை, பழம் தின்பதற்கென்றே உள்ள கூட்டம். அதன் வாய் நாம் நினைப்பதைவிட அகலமாகத் திறக்கும். பெரிய கொட்டையுள்ள பழத்தை முழுசாக விழுங்கி, மலை தாண்டிப் போய், கொட்டையைக் கெடாமல் போட்டுவிடும். பெரும்பாலான பறவைகளுக்கு அது முடியாது. அந்தப் பெரிய கொட்டை மரங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு இந்தப் புறாவை நம்பியிருக்கின்றன. யாரும் தேடி வராத புறா. நான் பெயரை மாற்றி விற்ற புறா.

புத்தகத்தை மூடி அலமாரியில் திருப்பி வைத்தேன். அப்போதும் நான் புரிந்துகொண்டது பாதிதான் என்று இப்போது தெரிகிறது. ஓர் அப்பாவி விருந்தினரை ஏமாற்றிவிட்டேன், என் பிள்ளையை அதற்குத் துணைக்கு இழுத்தேன், அவ்வளவுதான் என் தப்பு என்று நினைத்தேன். போன மாதம் நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்ன பிறகுதான் மீதி புரிந்தது. உன்னைப் பற்றியும் அதையேதான் செய்திருக்கிறேன். வருகிறவர்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ அதுவாக உன்னைக் காட்டியிருக்கிறேன். உன் வேலையில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. நீ வளர்த்த நாற்றுகள் குந்தாச் சரிவில் என் உயரத்துக்கு வந்திருப்பதை நீ காட்டாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆனாலும், "என் மகன் இது" என்று உள்ளதைச் சொல்ல அந்தக் கூடத்தில் எனக்கு மனசு வரவில்லை. கழுத்தில் இல்லாத கட்டத்தை உனக்கு வரைந்தேன்.

அதனால் நேற்று முன்தினம் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன், அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ "வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று மறுபடியும் என்னைக் காப்பாற்றியிருப்பாய். நான் அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். "நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு, இப்பப் போய் வாயைக் குடுத்தா இந்த எடம் போயிரும்" என்றார் உன் அப்பா. "தெரியுமுங்க" என்றேன். "நான் வரமாட்டேன்" என்றார். பேருந்து நிலையத்துக்குப் போனால் எனக்கு முன்னால் குடையோடு நிற்கிறார். "மழை வர்ற மாதிரி இருக்குது, குடுத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்று குடையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பெண்ணின் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி! சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே! மொதல்ல கை கழுவுங்க" என்று இலையை எடுத்து விரித்துவிட்டார். நான் உட்காரவில்லை. "இலையை அப்பறம் போடுங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு, போடறதா வேண்டாமான்னு பாருங்க" என்றேன். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த அவர் கணவரும் வந்து நின்றார். உனக்கு நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம்தான், எனக்கு அது நன்றாகத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். சொல்லி முடிக்கச் சிறிது நேரம்தான் ஆயிற்று. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை வருடம் என்று இருந்தது.

"அப்ப அன்னிக்கு நீங்க சொன்னதுங்க?" என்றார் அவர்.

"பொய்ங்க."

"மாப்ளை பக்கத்துலதானுங்களே உக்காந்திருந்தாரு?"

"உக்காந்திருந்தானுங்க."

அவருடைய கலகலப்பு எங்கோ போய்விட்டது. "ஏனுங்க, நான் கடையில ஒரு கலரச் சொல்லிட்டு வேற டப்பாவக் கட்டிக் குடுத்தா, திரும்பி வந்து என்ற மூஞ்சியிலதான் ஊத்துவாங்க. ஒப்பந்தமுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பனுங்க, இல்லேங்கலீங்க. இப்ப என்னத்தைங்க யோசிக்கறது? இன்னும் எத்தனை டப்பா மாறியிருக்குதோ!" செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார். பெண்ணின் அம்மா விரித்த இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வந்தது. குடித்தேன். அந்த வீட்டில் நான் நேர்மையாக வாங்கிக் குடித்தது அந்தத் தண்ணீர்தான்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்தப் பெண் கூட வந்தாள். பிறகு, "எங்கப்பன் கோவம் ரெண்டு நாளைக்குத்தானுங்க. வேலை எப்படியோ இருக்கட்டுங்க, நானும்தான் சம்பாதிக்கறேன். எனக்கு அதில்லீங்க. அவரு ஏனுங்க சும்மா உக்காந்திருந்தாரு?" என்றாள்.

நிறுத்தத்தில் நின்றபடியே அவளுக்குப் புறாக் கதையைச் சொன்னேன். உன் அப்பாவுக்கே சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். கிள்ளியதையும் சொன்னேன், வெங்காயம் கருகியதையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். "அந்தப் பைனாகுலரை நெசமாலுமே திருப்பிக் குடுத்துட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டான், அம்மணி."

"அந்த வயசுல அத்தனை ரோசம் இருந்துதுங்களே. இப்ப எங்க போச்சுங்க அது?" பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். "நீங்க சொன்னது உங்க பக்கத்துக் கதைங்க. அவரு பக்கத்தை அவரே வந்து சொல்லட்டுங்க. போன்ல வேண்டாமுங்க, நேர்ல வரச் சொல்லுங்க. கேட்டுட்டு நான் எங்கப்பன்கிட்டப் பேசறதா இல்லையான்னு பாக்கறேன்." பேருந்து வந்துவிட்டது. "பாத்துப் போங்க" என்றாள். "அத்தை" என்று சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

ஆகவே கண்ணு, நீ போக வேண்டும். லீவு கிடைக்கிற முதல் நாளில் போ. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று இந்த முறை நான் சொல்லித் தர மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் மேல் பழி போடுவதா வேண்டாமா என்று யோசிக்காதே, அந்தப் பழியை நானே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், உனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றவும் செய்யாதே. உனக்கு அது சின்ன வயதிலேயே பழகிப்போயிற்று, பழக்கினவள் நான். புல்வெளியில் என்னைக் காப்பாற்றி உன் பைனாகுலரைக் கொடுத்தாய். அந்தக் கூடத்தில் என்னைக் காப்பாற்றி உன் வாயை மூடிக்கொண்டாய். இனி வரப்போகிறவளிடமும் அப்படியே இருந்தால், அவள் ஒவ்வொரு தடவையும் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன் முகத்தைப் பார்த்து எது நிஜம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அது ஒரு பெண்ணுக்குப் பெரிய வேலை. அவள் உனக்குக் கிடைக்காமலும் போகலாம். போனால் அது என் வாயால் போனது, உன் வேலையால் போனதில்லை. அதை நீ தப்பாக நினைத்துக்கொண்டு குந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலையில் வீட்டுக்குப் பின்னால் பனி இறங்கியிருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்து மரத்தில் ஒரு புறா வந்து உட்கார்ந்திருக்கிறது. உருவம் மட்டும் தெரிகிறது. கழுத்தும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. இதுவரைக்கும் கூவவும் இல்லை. நேற்றிரவுதான் உன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நின்று மரத்தைப் பார்த்தார். "அது எது, கட்டம் போட்டதா, பெருசா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். "அவன் வந்தாத்தான் கேக்கோணும்."